பையில் பிஸ்கட் இருந்தும் ஏன் மயக்கம்? டைப் 1 சர்க்கரை: மும்பை இளைஞர்களின் கேள்விகள்

டைப் 1 சர்க்கரையோடு படிக்கும், வேலைக்குப் போகும் மும்பைத் தமிழ் இளைஞர்கள் தங்கள் அன்றாடச் சிக்கலை எழுதலாம் என்று போன இதழில் கேட்டிருந்தோம். மருந்தைப் பற்றி வந்த கடிதங்கள் குறைவு. ரயில், ஃப்ரிட்ஜ், அறைத்தோழி, பரீட்சை ஹால், கல்யாணப் பேச்சு என்றுதான் பெரும்பாலானவை. நியாயம்தான். இந்த நோயில் ஆளை விழத்தட்டுவது பெரும்பாலும் இப்படிப்பட்ட சின்ன விஷயங்களே.

முன்குறிப்பாக ஒன்று. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை உடலின் நோய் எதிர்ப்பாற்றலே அழித்துவிடுவது டைப் 1. கீழே உள்ள பதில்கள் அதற்கு மட்டுமே. மாத்திரையில் இருக்கும் அப்பாவுக்கோ மாமாவுக்கோ இதைப் படித்துக் காட்டி யோசனை சொல்ல வேண்டாம். எத்தனை யூனிட் இன்சுலின் போடுவது என்பது உங்களுக்கும் உங்கள் டாக்டருக்கும் இடையில் உள்ளது. அதில் நாங்கள் தலையிடவில்லை.

டோம்பிவ்லியிலிருந்து தினமும் காலை ஃபாஸ்ட் ரயில் பிடித்து சிஎஸ்எம்டி ஸ்டேஷன் போகிறேன். இந்த மாதம் இரண்டு முறை தாணே தாண்டியதும் வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, கண் இருட்டியது. பையில் பிஸ்கட் வைத்திருந்தேன், சாப்பிட்டேன். தெளிய அரைமணிக்கு மேல் ஆனது. வேறென்ன வைத்துக்கொள்வது? — வாசகர், டோம்பிவ்லி

பிஸ்கட்டில்தான் கோளாறு. அதில் மாவும் கொழுப்பும் உண்டு. கொழுப்பு வயிற்றிலிருந்து உணவு இறங்குவதைத் தாமதப்படுத்தும். சாக்லேட்டும் கடலை மிட்டாயும் இதே கதைதான். சர்க்கரை 70-க்குக் கீழே போனால் தேவைப்படுவது 15 கிராம் வெறும் குளுக்கோஸ் அல்லது சீனி. அதாவது குளுக்கோஸ் பவுடர் தலைதட்டி மூன்று டீஸ்பூன். 54-க்குக் கீழே என்றால் யோசிக்க நேரமில்லை, மீட்டரைத் தேடிக்கொண்டிருக்கவும் வேண்டாம். முதலில் வாயில் போடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, சமையலறைத் தராசில் 15 கிராம் வீதம் நிறுத்து, சின்ன ஜிப் பொட்டலங்களாக ஏழெட்டுப் போட்டு வையுங்கள். தினம் மூன்று உங்களோடு வரவேண்டும். எங்கே என்பதுதான் முக்கியம். நெரிசலில் பையை முன்னால் மாட்டியிருந்தாலும் கை உள்ளே போகாது. மேலே ராக்கில் போட்டுவிட்டால் அது குர்லாவுக்குப் பிறகுதான் கிடைக்கும். சட்டைப் பையிலோ இடுப்புப் பவுச்சிலோ இருக்கட்டும். நடுங்கும் கையால் உலர்ந்த பவுடரைக் கொட்டிக்கொண்டால் பாதி தரையில், மீதி தொண்டையில். எனவே ஒரு பொட்டலத்தை 100 மில்லி தண்ணீரில் கரைத்து, சின்ன பாட்டிலில் தினமும் புதிதாக எடுத்துப் போவது நல்லது. சர்க்கரை உள்ள குளிர்பானம் என்றால் 150 மில்லி போதும். அவசரத்தில் 'டயட்', 'ஜீரோ' என்று எழுதிய பாட்டிலை வாங்கிவிடாதீர்கள், அதனால் ஒரு பயனும் இல்லை. பக்கத்தில் நிற்பவர்கள் அன்போடு தண்ணீர் நீட்டுவார்கள். வெறும் தண்ணீரும் சர்க்கரையை ஏற்றாது.

அடுத்த தவறு, இறங்கி ஓரமாக உட்கார்ந்து சாப்பிடலாம் என்று நினைப்பது. கூட்டத்தை முட்டிக்கொண்டு இறங்குவது உடலுழைப்பு. சர்க்கரை இன்னும் கீழே போகும். குழம்பிய நிலையில் பிளாட்பாரம் எந்தப் பக்கம் வரும் என்பதுகூடப் புரியாது. நின்ற இடத்திலேயே குடியுங்கள். பிறகு கட்கோபரோ குர்லாவோ வந்ததும் இறங்கி, பெஞ்சில் உட்கார்ந்து, குடித்ததிலிருந்து 15 நிமிடம் கழித்து விரலில் குத்திப் பாருங்கள். இன்னமும் 70 வரவில்லையென்றால் இன்னொரு பொட்டலம். ஏறிவிட்டது, ஆனால் அடுத்த சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது என்றால் அப்போது நாலு பிஸ்கட் சாப்பிடுங்கள். பிஸ்கட்டுக்கு அதுதான் வேளை.

ஏன் காலையில் மட்டும் என்பதையும் பாருங்கள். நாலு இட்லிக்கு ஊசி போட்டுவிட்டு, 8 மணி வண்டி போய்விடுமே என்று இரண்டோடு எழுந்து, ஸ்டேஷனுக்கு ஓடி, பாலம் ஏறி இறங்குகிறீர்களா? அது போதும் சர்க்கரை சரிய. தொடையில் போட்டுவிட்டு ஓடினால் இன்சுலின் இன்னும் வேகமாக ரத்தத்தில் கலக்கும். காலை ஊசியை வயிற்றில் போடுங்கள். செருப்பு மாட்டும் முன் ஒரு முறை பாருங்கள். 90-க்குக் கீழே என்றால் 15 கிராம் உள்ளே போன பிறகுதான் படியிறங்க வேண்டும். இது வாரத்தில் இரண்டு முறைக்கு மேல் நடந்தால், காலை அளவைக் குறைக்க வேண்டுமா என்று டாக்டரிடம் கேட்கும் நேரம் வந்துவிட்டது.

தினமும் ஒரே பெட்டியில் ஒரே கும்பலோடுதானே போகிறீர்கள்? அதில் ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும். தெரியாதவர்களிடம் "மேரா ஷுகர் லோ ஹோ கயா ஹை, சீனி தீஜியே" என்ற ஒரு வாக்கியம் போதும். அடையாள அட்டைக்குப் பின்னால் மராத்தியிலும் இந்தியிலும் மூன்று வரி எழுதி வையுங்கள்: எனக்கு டைப் 1 சர்க்கரை, நினைவு இருந்தால் சீனி கொடுங்கள், நினைவில்லையென்றால் வாயில் எதையும் ஊற்றாமல் ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். ரயிலுக்குள் உதவிக்கு 139.

மாற்றுத்திறனாளிகள் பெட்டியில் ஏறலாமா என்றும் சிலர் கேட்டிருந்தார்கள். 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 நிலைகளில் தலசீமியா, ஹீமோஃபிலியா, சிக்கிள் செல் எல்லாம் உண்டு. டைப் 1 இல்லை. புற்றுநோயாளிகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அந்தப் பெட்டியில் அனுமதி இருக்கிறது, நமக்கு இல்லை. எரிச்சலூட்டும் விஷயம்தான். அதற்காக ஏறி நின்று டிக்கெட் பரிசோதகரிடம் வாதாடும் நேரமல்ல சர்க்கரை இறங்கும் நேரம்.

பவாயில் பிஜியில் மூன்று பேர் ஓர் அறை. கையில் சர்க்கரை அளக்கும் சென்சார் போட்டிருக்கிறேன். நடுராத்திரி 'லோ' என்று அலறுகிறது, எழுந்து குத்திப் பார்த்தால் 110. அறைத்தோழிகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார்கள். — வாசகி, பவாய்

சென்சார் இருக்கும் கையை அழுத்திப் படுக்கிறீர்கள். அழுத்தம் பட்ட இடத்தில் திரவ ஓட்டம் குறைவதால் சென்சார் பொய்யாகக் குறைத்துக் காட்டும். எந்தப் பக்கம் படுப்பீர்களோ அதற்கு எதிர்க் கையில், மேல்கையின் பின்புறமாக அடுத்த சென்சாரை ஒட்டுங்கள். அலாரம் வந்தால் முதலில் புரண்டு படுங்கள், கையோடு விரலில் குத்திப் பாருங்கள். சென்சார் அளப்பது ரத்தத்தை அல்ல, தோலுக்கடியிலுள்ள திரவத்தை. வேகமாக ஏறும்போதும் இறங்கும்போதும் அது ரத்தத்தைவிடச் சில நிமிடங்கள் பின்தங்கும். அலாரத்தை மட்டும் அணைத்துவிடாதீர்கள். போனை வைப்ரேஷனில் போட்டுத் தலையணைக்கடியில் வைக்கலாம், அதிலேயே எழுந்துவிடுவீர்கள் என்று உறுதியானால் மட்டும். அறைத்தோழிகளில் ஒருத்தியை பகலில் உட்காரவைத்துக் குளுக்கோஸ் எங்கே இருக்கிறது என்று காட்டுங்கள். காரணம் தெரியாத சத்தம்தான் எரிச்சல்.

பிஜி ஃப்ரிட்ஜ் எல்லாருக்கும் பொது. கரண்ட் போகிறது, யாரோ என் டப்பாவை நகர்த்துகிறார்கள். மே மாதம் நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் ஊருக்குப் போகவேண்டும், ஏறக்குறைய ஒன்றரை நாள் பயணம். இன்சுலினை எப்படிக் காப்பது? — வாசகர், செம்பூர்

முதலில் ஒரு நிம்மதி: இப்போது ஊசி போட்டுக்கொண்டிருக்கும் பென்னுக்கு (பேனா வடிவ இன்சுலின் ஊசி) ஃப்ரிட்ஜே வேண்டாம். 30 டிகிரிக்குள் இருக்கும் இடத்தில் பெரும்பாலான வகைகள் 28 நாள் தாங்கும். சில புதிய வகைகள் அதற்கு மேலும் தாங்கும், டப்பாவோடு வரும் தாளில் போட்டிருக்கும். திறந்த தேதியைப் பென்னின் மேல் பிளாஸ்திரி ஒட்டி எழுதுங்கள், நினைவை நம்பவேண்டாம். ஃப்ரிட்ஜ் தேவைப்படுவது திறக்காத கையிருப்புக்குத்தான், 2 முதல் 8 டிகிரியில்.

அந்த ஃப்ரிட்ஜில் ஆபத்து சூட்டைவிடக் குளிரால்தான் அதிகம். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜில் ஃப்ரீசருக்குக் கீழே உள்ள தட்டிலும், பின்சுவரை ஒட்டியும் வைத்தால் உறைந்துவிடும். ஒருமுறை உறைந்த இன்சுலின் உருகியபின் பார்க்க ஒழுங்காகவே இருக்கலாம், அதன் வேலையை மட்டும் நம்ப முடியாது. காரணம் தெரியாமல் சர்க்கரை 300-லேயே நின்றால் இதையும் சந்தேகப்படுங்கள். மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, மேலே 'மருந்து' என்று இந்தியில் எழுதி, காய்கறி டிரேயில் வையுங்கள். கதவு அடிக்கடி திறந்து மூடப்படும் இடம் என்பதால் அது இரண்டாம்பட்சம். கரண்ட் போனால் பதற வேண்டாம்; ஃப்ரிட்ஜைத் திறக்காமல் இருந்தால் சில மணி நேரத்தில் ஒன்றும் ஆகாது.

தண்ணீரில் நனைத்து, ஆவியாவதால் குளிரவைக்கும் பவுச்சுகள் கடையில் கிடைக்கின்றன. மண்பானையும் அதே தத்துவம்தான். டெல்லியின் வறண்ட வெயிலில் இவை பிரமாதமாக வேலை செய்யும். மும்பையின் ஜூலை மாதப் பிசுபிசுப்பில் ஈரம் ஆவியாகவே செய்யாது, அதனால் குளிர்ச்சியும் குறைவு. உங்கள் பயணத்தில் புணே தாண்டியதும் காற்று வறளும், அதன்பின் பவுச் உதவும். தெர்மாஸ் ஃபிளாஸ்கும் நல்ல வழி: அகலவாய் ஃபிளாஸ்க்கைக் கிளம்பும் முன் குளிர்ந்த நீரால் கழுவித் துடைத்து, பென்னைத் துணியில் சுற்றி உள்ளே வையுங்கள். ஐஸ் போடுவதானால் பென்னுக்கும் ஐஸுக்கும் நடுவில் டர்க்கி டவல் மடித்து இருக்கவேண்டும்; நேராகப் பட்டால் உறைந்துபோகும். ஸ்லீப்பரில் ஜன்னலோரக் கொக்கியில் பையைத் தொங்கவிடாதீர்கள், பிற்பகல் வெயில் நேராக அங்கேதான் அடிக்கும். பயணத்துக்குத் தேவையானதைப்போல் இரு மடங்கு இன்சுலினும் ஊசியும், இரண்டு பைகளில் பிரித்து. ஒரு பை தொலைந்தாலும் ஊர் போய்ச் சேரலாம்.

பென் விலை கட்டுப்படியாகவில்லை. பென்னுக்குள் இருக்கும் மருந்துக் குழாயான கார்ட்ரிட்ஜிலிருந்து சிரிஞ்சால் உறிஞ்சிப் போட்டுக்கொள்ளலாம் என்று நண்பன் சொல்கிறான். — வாசகர், தாராவி

வேண்டாம். இதைச் செய்துதான் ஆட்கள் கோமாவில் விழுகிறார்கள். நம் நாட்டுக் கண்ணாடிக் குப்பிகள் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். 10 மில்லி குப்பியில் 400 யூனிட். பென் கார்ட்ரிட்ஜில் மில்லிக்கு 100. 3 மில்லியில் 300 யூனிட். சிவப்பு மூடிச் சிரிஞ்ச் 40-க்கு உரியது, ஆரஞ்சு மூடி 100-க்கு உரியது. கார்ட்ரிட்ஜ் மருந்தைச் சிவப்பு மூடிச் சிரிஞ்சில் '10' வரை இழுத்தால் உடம்புக்குள் போவது 25 யூனிட். விலைதான் தடை என்றால் குப்பிக்கே மாறுங்கள். டாக்டரிடம் வெட்கப்படாமல் கேளுங்கள், எழுதித் தருவார். மருந்தின் வகையும் மாறக்கூடும் என்பதால் அளவையும் நேரத்தையும் புதிதாக எழுதி வாங்குங்கள். சிரிஞ்ச் வாங்கும்போது மூடியின் நிறத்தைக் கடையிலேயே பாருங்கள்.

சயானில் பன்னிரண்டாம் வகுப்பு, சிபிஎஸ்இ. அப்புறம் ஜேஇஇ. பரீட்சை ஹாலில் எதைக் கொண்டுபோகலாம்? — மாணவர், சயான்

தம்பி, இரண்டுக்கும் விதி வேறு. ஒன்றை நினைத்து இன்னொன்றுக்குப் போய் வாசலில் மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. சிபிஎஸ்இ 2017-ல் கொடுத்த அனுமதிப்படி டைப் 1 மாணவர்கள் சர்க்கரை மாத்திரை, சாக்லேட், மிட்டாய், வாழைப்பழம், ஆப்பிள், ஆரஞ்சு, சாண்ட்விச் போன்ற சிற்றுண்டி, 500 மில்லி தண்ணீர் பாட்டில் கொண்டுபோகலாம். ஜேஇஇ நடத்தும் தேசியத் தேர்வு முகமையின் விதியில் சர்க்கரை மாத்திரை, முழுப் பழம், உள்ளே இருப்பது தெரியும் தண்ணீர் பாட்டில் ஆகியவை மட்டும். சாக்லேட், மிட்டாய், சாண்ட்விச் போன்ற பொட்டல உணவுக்கு இடமில்லை. விதிகளை ஒவ்வொரு ஆண்டும் தகவல் குறிப்பில் புதிதாகப் படித்துவிடு.

சிபிஎஸ்இ பரீட்சைக்கு டாக்டர் சான்றிதழோடு பள்ளி முதல்வரிடம் முன்கூட்டியே எழுதிக் கொடு. தேர்வு மையம் வேறு பள்ளி என்றால், அந்த மையத்துக்கும் தகவல் போனதா என்று முந்தைய நாளே கேட்டு உறுதிசெய்துகொள். சென்சாரைப் படிக்கும் போனை உள்ளே விடமாட்டார்கள், எனவே மீட்டரும் ஸ்ட்ரிப்பும் மேற்பார்வையாளரிடம் இருக்க அனுமதி கேள். பதற்றத்தில் சர்க்கரை ஏறுவதும் உண்டு. அதைப் பார்த்து ஹாலுக்குள் நுழையும் முன் கூடுதலாக ஊசி போட்டுவிடாதே. இரண்டாம் மணி நேரத்தில் அது பழிவாங்கும். ஒரே கணக்கை மூன்று முறை படித்தும் புரியவில்லை என்றால் அது பாடம் மறந்ததாக இருக்காது, சர்க்கரை இறங்கியதாக இருக்கலாம். மாத்திரையை மென்றுவிட்டுப் பத்து பதினைந்து நிமிடம் பேனாவை வைத்துவிடு. அந்த நேரத்தில் எழுதியது எப்படியும் தப்பாகத்தான் இருக்கும்.

வீட்டு இட்லிக்குக் கணக்கு சரியாக வருகிறது. மாட்டுங்காவில் ஹோட்டல் இட்லி சாம்பார் சாப்பிட்டாலும், ஆபீஸ் வாசலில் வடா பாவ் சாப்பிட்டாலும் கணக்கு தப்புகிறது. — வாசகி, மாட்டுங்கா

இட்லியை எண்ணாதீர்கள், எடை போடுங்கள். 40 கிராம் இட்லியில் மாவுச்சத்து சுமார் 10 கிராம். ஹோட்டலில் 60 கிராம் இருக்கும், அது 15. நாலு இட்லியில் 20 கிராம் வித்தியாசம் வந்துவிட்டது பாருங்கள். மாட்டுங்கா உடுப்பி ஹோட்டல்களில் சாம்பாரில் வெல்லம் சேர்ப்பது வழக்கம். நம் வீட்டுப் புளிச் சாம்பாரை நினைத்து இரண்டு கிண்ணம் வாங்கிக் குடித்தால் அதையும் கணக்கில் எடுக்கவேண்டும். சோற்றுக்கு எளிய கணக்கு: வெந்த சோறு 100 கிராமில் மாவுச்சத்து சுமார் 28 கிராம். ஒரு வாரம் மட்டும் தராசில் நிறுத்துச் சாப்பிட்டால் கண்ணே பழகிவிடும்.

வடா பாவில் சுமார் 35 முதல் 45 கிராம் இருக்கும், பாவின் அளவைப் பொறுத்து. ஆனால் அங்கே சிக்கல் எண்ணெயில். சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் பார்த்தால் சர்க்கரை அழகாக 140 இருக்கும். ஆகா என்று இருந்தால் நாலாவது மணி நேரத்தில் 260. பூரி, பரோட்டா, பிரியாணி எல்லாம் இந்த ஜாதிதான். இந்த நாட்களில் நாலாவது மணி நேரத்திலும் பாருங்கள், எண்ணைக் குறித்து டாக்டரிடம் கொண்டுபோங்கள்; ஊசியைப் பிரித்துப் போடுவது போன்ற வழிகள் உண்டு. இரண்டாவது மணி நேரத்தில் பொறுமையில்லாமல் மேல் ஊசி, அரைமணியில் இன்னொன்று என்று அடுக்காதீர்கள். வேகமாக வேலை செய்யும் இன்சுலின்கூட உடம்பில் மூன்று நான்கு மணி நேரம் இருக்கும்; அடுக்கியதெல்லாம் ஒன்றாக வேலை செய்யும்போது வீட்டுக்குத் திரும்பும் ரயிலில் இருப்பீர்கள்.

இன்னொன்று: எல்லாம் சரியாகச் செய்தும் தாறுமாறாக ஏறி இறங்கினால் வயிற்றைத் தடவிப் பாருங்கள். ஒரே இடத்தில் குத்திக் குத்தி ரப்பர் போல மேடு தட்டியிருக்கும். அங்கே வலிக்காது என்பதால் கை தானாக அங்கேயே போகும். அந்த மேட்டிலிருந்து இன்சுலின் இன்று பாதி, நாளை முழுசு என்று கலக்கும். ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு விரல் அகலம் தள்ளிப் போங்கள். மேட்டை விட்டு நல்ல தோலுக்கு மாறும்போது பழைய அளவு திடீரென அதிகமாகப் படலாம். டாக்டரிடம் சொல்லிவிட்டு மாறுங்கள்.

மழைக்காலத்தில் மகனுக்கு வாந்தி பேதி, காய்ச்சல். சாப்பிடவே இல்லையே என்று ஊசியை நிறுத்தினேன். ஆஸ்பத்திரியில் ஐசியூ வரை போய்விட்டது. நான் செய்தது தவறா? — ஒரு தாய், முலுண்ட்

அம்மா, சாப்பிடாதவனுக்கு ஊசி எதற்கு என்று தோன்றுவது இயல்பு. உங்களிடம் இதை யாரும் முன்பே எழுதிக் கொடுக்காததுதான் தவறு. காய்ச்சலின்போது உடம்பு சுரக்கும் ஹார்மோன்கள் சாப்பிடாமலேயே சர்க்கரையை ஏற்றும். இன்சுலின் இல்லையென்றால் உடம்பு கொழுப்பை எரித்து கீட்டோன் அமிலமாக்கும், ரத்தமே அமிலத்தன்மை அடையும். எனவே நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலினை ஒருநாளும் முழுதாக நிறுத்தக்கூடாது. சாப்பாட்டு ஊசியைத்தான் சாப்பிடும் அளவுக்கேற்ப டாக்டர் சொற்படி மாற்றுவது.

அடுத்த காய்ச்சலுக்கு முன் வீட்டில் இவை இருக்கட்டும்: சிறுநீர் கீட்டோன் ஸ்ட்ரிப், உலக சுகாதார நிறுவன ஃபார்முலா என்று அச்சிட்ட ஓஆர்எஸ் பொட்டலம், தெர்மாமீட்டர், பாரசிட்டமால். மூன்று மணி நேரத்துக்கொரு முறை சர்க்கரை பாருங்கள், ராத்திரியிலும். 250-க்கு மேல் போனால் கீட்டோன் பாருங்கள். ஓஆர்எஸ்ஸில் சர்க்கரை இருக்கிறதே என்று பயப்படவேண்டாம்; ஒரு லிட்டருக்கு 13.5 கிராம்தான், ஒரு டம்ளரில் 3 கிராம்கூட வராது. அட்டை டப்பாவில் வரும் இனிப்புப் பானங்கள் வேறு. சர்க்கரை கீழே வந்து சாப்பிட முடியவில்லை என்றால் இளநீரையும் பழச்சாற்றையும் ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள்.

வாந்தி நிற்கவில்லை, கீட்டோன் ஸ்ட்ரிப் நிறம் நடுத்தரத்துக்கு மேல் காட்டுகிறது, மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் வாங்குகிறது, வாயில் அழுகிய பழவாடை, இவற்றில் ஒன்று இருந்தாலும் காலை வரை காத்திருக்காதீர்கள். ஆஸ்பத்திரியில் முதல் வார்த்தையாக "டைப் 1, கீட்டோன் இருக்கிறது" என்று சொல்லுங்கள். வெறும் வாந்தி என்று சொன்னால் வரிசையில் உட்காரவைத்துவிடலாம். மும்பை மழையில் டெங்கு சந்தேகம் எப்போதும் உண்டு. பாரசிட்டமால் தவிர வேறு வலிமாத்திரை எதையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள். சத்துக்கு என்று வைட்டமின் சி மாத்திரையை அதிகம் கொடுத்தால் சில சென்சார்கள் சர்க்கரையைக் கூட்டிக் காட்டும். காய்ச்சல் நாட்களில் விரலில் குத்தியே பாருங்கள்.

ஊரிலிருந்து வந்த பாட்டி, பாகற்காய்ச் சாறும் சர்க்கரைக்கொல்லிப் பொடியும் கொடுத்து ஊசியை நிறுத்திவிடலாம் என்கிறார். — வாசகி, கோரேகாவ்

பாகற்காயைப் பொரியலாகச் சாப்பிடுங்கள், பாட்டிக்கும் சந்தோஷம். ஆனால் சுரப்பதே நின்றுபோன உடம்பில் எந்தச் சாறும் இன்சுலினைச் சுரக்கவைக்க முடியாது. டைப் 1-ல் ஊசியை நிறுத்தினால் சில நாட்களில் உயிருக்கே ஆபத்து. 1922-ல் முதன்முதலாக மனிதருக்கு இன்சுலின் போடப்பட்டது. அதற்கு முன் இந்த நோய் வந்த பிள்ளைகள் பிழைத்ததில்லை. பாட்டியிடம் இதைச் சொல்லுங்கள், அவர் காலத்து ஆட்களுக்குப் பிள்ளைச் சாவு என்றால் என்னவென்று தெரியும்.

வேலைக்கான இன்டர்வியூவில் சொல்லவேண்டுமா? இன்ஷூரன்ஸில் மறைக்கலாமா? — வாசகர், அந்தேரி

இன்டர்வியூவில் நீங்களாகச் சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை. சேரும்போது தரும் மருத்துவப் படிவத்தில் கேட்டிருந்தால் பொய் எழுதாதீர்கள். சேர்ந்த முதல் வாரத்தில் மேலதிகாரி ஒருவரிடமும் பக்கத்து இருக்கைக்காரரிடமும் சொல்லிவிடுங்கள். மீட்டிங் நடுவே ஜூஸ் குடித்தால் ஏன் என்று அவர்களுக்குத் தெரியவேண்டும்.

இன்ஷூரன்ஸில் மறைப்பது பணத்தைக் கடலில் போடுவது. சொன்னால் காத்திருப்புக் காலம் உண்டு. 2024-ல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் முன்பிருக்கும் நோய்களுக்கான உச்சபட்சக் காத்திருப்பை 4 ஆண்டிலிருந்து 3 ஆண்டாகக் குறைத்தது. மறைத்தால் கிளெய்ம் நிராகரிக்கப்படும், பாலிசியும் போகலாம். கம்பெனியின் குரூப் பாலிசியில் பெரும்பாலும் முதல் நாளிலிருந்தே முன்பிருக்கும் நோய்க்கும் பாதுகாப்பு உண்டு. ஆனால் அது வேலையோடு போய்விடும். வேலையில் இருக்கும்போதே சொந்தப் பாலிசி ஒன்றை எடுத்து, காத்திருப்புக் காலத்தை ஓடவிடுங்கள்.

கல்யாணப் பேச்சு நடக்கிறது. "லேசா சுகர் இருக்குன்னு மட்டும் சொன்னா போதும், மீதி கல்யாணத்துக்கு அப்புறம்" என்கிறார் பெரியம்மா. — பெயர் வேண்டாம், செம்பூர்

'லேசா சுகர்' என்று ஒன்று டைப் 1-ல் கிடையாது. அப்படிச் சொல்லிக் கட்டிக்கொண்டு, மறுநாள் காலை மாமியார் வீட்டில் எங்கே ஒளிந்து ஊசி போடுவீர்கள்? நிச்சயத்துக்கு முன், இருவரும் தனியாகப் பேசும்போது நீங்களே சொல்லுங்கள். தரகரும் பெரியம்மாவும் சொன்னால் நோய் ஒன்று குறையும் அல்லது பத்தாகும். தினம் எத்தனை ஊசி, மாதம் எவ்வளவு செலவு, லோ ஆனால் அவர் என்ன செய்யவேண்டும் என்று மூன்றையும் சொல்லுங்கள்.

அடுத்து வரும் கேள்வி குழந்தையைப் பற்றியதாக இருக்கும். அமெரிக்க நீரிழிவு சங்கம் தரும் கணக்குப்படி, தாய்க்கு டைப் 1 இருந்து 25 வயதுக்குப் பிறகு பெற்ற குழந்தைக்கு இது வரும் வாய்ப்பு 100-ல் 1. 25-க்கு முன் பெற்றால் 25-ல் 1. தந்தைக்கு இருந்தால் 17-ல் 1. சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி, கர்ப்பத்துக்கு முன் 6.5 சதவீதத்துக்குக் கீழே இருப்பது நல்லது. கண் விழித்திரை, சிறுநீரகப் பரிசோதனைகளையும் முடித்துவிட வேண்டும். எனவே கர்ப்பம் திட்டமிட்டு வரவேண்டும்.

முகூர்த்த நாளையும் இப்போதே யோசியுங்கள், யாரும் சொல்லித்தர மாட்டார்கள். விடியற்காலை எழுப்பி, காபி மட்டும் கொடுத்து, தாலி ஏறும் வரை சாப்பிடாதே என்பார்கள். நீண்ட நேர இன்சுலினைப் போட்டுக்கொண்டு பட்டினி இருப்பதா வேண்டாமா என்பதைப் புரோகிதர் முடிவு செய்யக்கூடாது. சிற்றுண்டி சாப்பிட்டுவிட்டு மணையில் உட்காருங்கள். இறுக்கமான ரவிக்கையில் கை கிடைக்காது, புடவைக்குள் தொடையும் கிடைக்காது. இடுப்புக்கு மேல் வயிற்றின் பக்கவாட்டு கிடைக்கும், அங்கே போடலாம். கையில் மெகந்தி இருந்தால் விரலில் குத்தும் முன் சோப்பால் நன்றாகக் கழுவுங்கள். மெகந்தி சிவக்க எலுமிச்சையும் சர்க்கரையும் தடவியிருப்பார்கள், மீட்டர் 400 காட்டிவிடும். குளுக்கோஸ், மீட்டர், பென் மூன்றும் ஒரு சுருக்குப் பையில், உங்கள் பின்னாலேயே நிற்கப்போகும் தோழியிடம். நலங்கு, ரிசப்ஷன் வரை அவள் எங்கும் போகக்கூடாது.

பயன்படுத்திய ஊசிகளைக் குப்பையில் போடலாமா? ஒரு ஊசியை எத்தனை முறை போடலாம்? — வாசகர், பாண்டுப்

பென் நீடில் ஒரு முறைக்குத்தான். செலவுக்காகப் பலர் திரும்பப் போடுகிறார்கள் என்பது தெரியும். அப்படியே போட்டாலும் ஊசியைப் பென்னிலேயே மாட்டி வைக்காதீர்கள். சூட்டில் மருந்து கசியும், குளிரில் காற்று உள்ளே போகும், அடுத்த ஊசியில் அளவு குறையும். புது ஊசி மாட்டியதும் 2 யூனிட் வைத்து அழுத்தி, நுனியில் சொட்டு வருகிறதா பார்த்த பிறகே போடுங்கள். போட்டபின் பத்து எண்ணிவிட்டு எடுங்கள்.

குப்பையில் வெறுமனே போடக்கூடாது. நம் குப்பையைக் கையால் பிரிப்பவர்கள் இருக்கிறார்கள். 2016-ம் ஆண்டுத் திடக்கழிவு விதிகளே ஊசியையும் சிரிஞ்சையும் வீட்டு அபாயக் கழிவாக வகைப்படுத்தின. தனியே பிரித்துத்தான் கொடுக்கவேண்டும். திரவ சோப்பு வரும் தடிமனான பிளாஸ்டிக் பாட்டிலில் சேர்த்து, முக்கால் நிறைந்ததும் மூடியை டேப் போட்டு ஒட்டி, மேலே 'சுயீ' (ஊசி) என்று மராத்தியில் எழுதிக் கொடுங்கள். மெல்லிய தண்ணீர் பாட்டில் வேண்டாம், ஊசி அதைத் துளைத்துக்கொண்டு வந்துவிடும். நீங்கள் போகும் மருத்துவமனையிலோ லேப்பிலோ கேட்டுப் பாருங்கள். பல இடங்களில் தங்கள் மருத்துவக் கழிவோடு வாங்கிக்கொள்வார்கள்.